பின்கட்டில் பல்பு ஏன் மங்குகிறது?

மானகிரியைச் சுற்றியுள்ள செட்டிநாட்டு ஊர்களில் சில வீடுகளுக்கு முன்வாசல் ஒரு தெருவில் இருக்கும், பின்வாசல் அடுத்த தெருவில் இருக்கும். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று நடந்துகொண்டே இருக்கலாம். அப்படி ஒரு வீட்டில் மீட்டர் பெட்டி முகப்பில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பின்கட்டில் ஆச்சி வெந்நீருக்காக ஹீட்டரைப் போடுகிறார். பக்கத்தில் எரிந்த குண்டு பல்பு சட்டென்று மங்குகிறது. "கரண்டு குறைஞ்சிருச்சு" என்கிறார் ஆச்சி.

அந்த வயரில் கரண்டு குறையவில்லை, பல மடங்கு கூடியிருக்கிறது! குறைந்தது வோல்டேஜ்தான். எப்படி?

வயரில் எலக்ட்ரான்களைத் தள்ளுவது மின்னழுத்தம், அதாவது வோல்டேஜ். நொடிக்கு எவ்வளவு மின்சாரம் ஓடுகிறது என்பது மின்னோட்டம். அதை மறிப்பது மின்தடை. மின்னோட்டத்தை மின்தடையால் பெருக்கினால் மின்னழுத்தம் கிடைக்கும்.

செம்பு வயருக்கும் கொஞ்சம் மின்தடை உண்டு. 1 சதுர மில்லிமீட்டர் பருமன் உள்ள வயரில் 100 மீட்டருக்குச் சுமார் 1.75 ஓம். முகப்பிலிருந்து பின்கட்டு 50 மீட்டர் என்றால், மின்சாரம் போய்த் திரும்பி வர 100 மீட்டர். 60 வாட் குண்டு பல்பு மட்டும் எரிந்தால் ஓடுவது கால் ஆம்பியர்தான். வழியில் அரை வோல்ட்கூட இழப்பில்லை. 2,000 வாட் ஹீட்டரைப் போட்டதும் சுமார் 8 ஆம்பியர் ஓடுகிறது. 8 × 1.75 = 14 வோல்ட். முகப்பில் 230 வோல்ட் இருந்தாலும் பின்கட்டுக்கு வந்து சேர்வது 216தான்.

அந்த 14 வோல்ட் எங்கே போனது? வயரைச் சூடாக்கப் போனது. 8 × 14 = 112 வாட். இந்தச் சூடு 100 மீட்டருக்கும் பரவுவதால் நமக்குத் தெரிவதில்லை. ஆனால் வயர் இணைப்பு ஒன்று தளர்ந்திருந்தால் அந்த ஓரிடத்தில் மின்தடை கூடி, அங்கேயே சூடு குவிந்து, டேப் உருகிக் கருகும். எலக்ட்ரீஷியன்கள் ஹீட்டருக்கென்று தனியாகத் தடித்த வயர் இழுப்பது வழியில் ஏற்படும் இந்த இழப்பைக் குறைக்கத்தான். 4 சதுர மில்லிமீட்டர் வயரில் மின்தடை கால் பங்குதான். இழப்பும் 4 வோல்ட்டுக்குள் அடங்கிவிடும்.

இந்தக் கணக்கைக் கண்டுபிடித்தவரும் நீள நீளமான வயர்களை வைத்துத்தான் கண்டுபிடித்தார்! ஜெர்மனியில் பூட்டுத் தொழிலாளி ஒருவரின் மகன், பள்ளி ஆசிரியர் ஜார்ஜ் சைமன் ஓம். முதலில் அவர் பயன்படுத்திய மின்கலங்களின் அழுத்தம் நிலையாக நிற்காமல் அவரை அலைக்கழித்தது. பிறகு இரண்டு உலோகங்களை இணைத்து, ஒரு முனையைக் கொதிநீரிலும் மறுமுனையைப் பனிக்கட்டியிலும் வைத்து நிலையான மின்னழுத்தம் பெற்றார். வயரின் நீளத்தை மாற்றி மாற்றி அளந்தார். கண்டறிந்ததை 1827இல் புத்தகமாக வெளியிட்டார். அன்று அவரை அலைக்கழித்த மின்கலங்களைப் பற்றி இன்று ஆராய்கிற நிலையங்களில் ஒன்று காரைக்குடியிலேயே இருக்கிறது. அழகப்பச் செட்டியார் நிலமும் நிதியும் தர, 1948இல் நேரு அடிக்கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் அது.

ஓம் செய்ததை நீங்களும் செய்யலாம். வீட்டு ப்ளக்கைத் தொடவே கூடாது. டார்ச் செல் இரண்டு போதும். பென்சிலைப் பெரியவர் ஒருவரிடம் கொடுத்து நீளவாக்கில் பிளந்து வாங்குங்கள். செல், டார்ச் பல்பு, பென்சில் கரி மூன்றையும் வயரால் ஒரே சுற்றாக இணையுங்கள். வயர் நுனியைக் கரியின்மேல் மெல்ல நகர்த்துங்கள். இடைவெளி கூடக்கூட பல்பு மங்கும். எத்தனை சென்டிமீட்டரில் வெளிச்சம் அடியோடு மறைகிறது என்று குறித்துவிட்டு, செல்லை மூன்றாக்கி மறுபடி அளந்து பாருங்கள்.