ரெண்டு பேருக்கும் சேர்த்து சாப்பிடணுமா? - கர்ப்ப காலத்தில் எடை எவ்வளவு கூடலாம்?

"இனிமே நீ ஒருத்தி இல்ல, ரெண்டு பேருக்கும் சேர்த்து சாப்பிடணும்." கர்ப்பம் உறுதியான நாளில் இருந்தே வீட்டில் கேட்கத் தொடங்கும் வார்த்தை இது. வளைகாப்புக்கு வரும் உறவினர்களோ "வயிறே தெரியலையே" என்றும், "இப்படி குண்டாயிட்டியே" என்றும் ஆளுக்கு ஒன்று சொல்லிவிட்டுப் போவார்கள். உண்மையில் எவ்வளவு எடை கூடினால் சரி?

எல்லோருக்கும் ஒரே கணக்கா?

இல்லை. கர்ப்பத்துக்கு முன்பு இருந்த எடைதான் முக்கியம். உயரத்துக்கு ஏற்ற எடையைக் காட்டும் பிஎம்ஐ அளவை வைத்து, அமெரிக்காவின் இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் 2009-ல் வெளியிட்ட வரம்புகள் பல நாடுகளிலும் பயன்படுகின்றன. வயிற்றில் ஒரு குழந்தை என்றால்:

* பிஎம்ஐ 18.5-க்குக் கீழ்: 12.5 - 18 கிலோ
* 18.5 - 24.9: 11.5 - 16 கிலோ
* 25 - 29.9: 7 - 11.5 கிலோ
* 30-க்கு மேல்: 5 - 9 கிலோ

உதாரணமாக, 155 செ.மீ. உயரமுள்ள மூன்று பெண்கள். 42 கிலோ இருந்தவர் 12.5 கிலோவாவது கூட வேண்டும். 50 கிலோ இருந்தவருக்கு 11.5 கிலோவில் தொடங்கலாம். 65 கிலோ இருந்தவருக்கு 7 கிலோவே போதுமானதாக இருக்கலாம். இந்தியர்களுக்கு பிஎம்ஐ 23-ஐத் தாண்டினாலே அதிக எடை எனக் கணக்கிடும் வழக்கமும் உண்டு என்பதால், உங்கள் இலக்கை டாக்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

குழந்தை 3 கிலோதானே, மீதி எங்கே?

நஞ்சுக்கொடி, பனிக்குட நீர், பெரிதாகும் கர்ப்பப்பை, அதிகரிக்கும் ரத்தம், பால் கொடுப்பதற்காக உடல் சேமிக்கும் கொழுப்பு எல்லாம் சேர்ந்ததுதான் மீதி எடை.

எப்போது கூடும்?

முதல் மூன்று மாதத்தில் அரை கிலோ முதல் 2 கிலோ வரை கூடினால் போதும். மசக்கையால் சிலருக்கு லேசாகக் குறையவும் செய்யும். நான்காம் மாதத்தில் இருந்து, சரியான எடையில் இருந்தவர்களுக்கு வாரம் சுமார் 400 கிராம் கூடும்.

எவ்வளவு கூடுதலாகச் சாப்பிடலாம்?

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பரிந்துரைப்படி, கர்ப்பிணிக்குத் தினமும் கூடுதலாகத் தேவைப்படுவது சுமார் 350 கலோரி. அதாவது இரண்டு இட்லி, ஒரு முட்டை, ஒரு டம்ளர் பால். இன்னொரு முழு சாப்பாடு அல்ல!

குறைந்தாலும் கூடினாலும் என்ன ஆகும்?

எடை போதுமான அளவு கூடாவிட்டால் குழந்தை எடை குறைவாகவோ, குறைமாதத்திலோ பிறக்கும் வாய்ப்பு அதிகம். அளவுக்கு மீறிக் கூடினால் குழந்தை பெரிதாகி சிசேரியன் தேவைப்படலாம். பிரசவத்துக்குப் பிறகும் எடை இறங்காமல் நின்றுவிடலாம். அதற்காக கர்ப்ப காலத்தில் பட்டினி கிடப்பதோ, எடை குறைக்கும் டயட் இருப்பதோ கூடாது.

இதை மட்டும் அலட்சியம் செய்யாதீங்க

ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு சில நாட்களிலேயே எடை திடீரென ஏறி, முகமும் கைகளும் வீங்கினால் அது சாப்பாட்டால் வந்த எடையாக இருக்காது. ரத்த அழுத்தம் கூடியதன் அறிகுறியாக இருக்கலாம். கடுமையான தலைவலி, கண் மங்கல், மேல் வயிற்று வலியும் அப்படித்தான். அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

ஒவ்வொரு செக்கப்பிலும் எடை பார்த்துக் குறித்துத் தருவார்கள். "போன தடவைக்கு இப்போ எவ்வளவு கூடியிருக்கு, இது சரியா?" என்று நர்ஸிடம் கேளுங்கள். உறவினர்களின் கண் அளவைவிட அந்த எண்தான் நம்பகமானது.