பல்லியின் வயிறும் புது ஊரும்

மாத்தளையில் நக்கிள்ஸ் மலைப்பக்கம் போனால் மூக்கில் இலை முளைத்தாற்போன்ற ஓர் ஓணானைக் காணலாம். உலகில் வேறெங்கும் இல்லை. ஓணானோ பல்லியோ, அவற்றின் குடலிலும் எங்களுக்கு இருப்பதுபோல நுண்ணுயிர்கள் உண்டு. பரம்பரை, உணவு, வாழுமிடம் மூன்றும் சேர்ந்தே அவற்றை அமைக்கின்றன. இலை தின்னும் பச்சை இகுவானாவின் குஞ்சுகள் முதலில் மண்ணையும், பிறகு பெரியவற்றின் எச்சத்தையும் தின்று அவற்றைத் தேடிக்கொள்கின்றன. (அருவருப்புத்தான்; தாய்ப்பால் இல்லாத குஞ்சு வேறென்ன செய்யும்?)

1971இல், இன்றைய குரோஷியாவின் தீவொன்றிலிருந்து ஐந்து சோடிப் பல்லிகளை ஆய்வாளர்கள் அயல்தீவில் விட்டார்கள். அந்நாட்டிலும் யுத்தம் மூண்டது. 2004இல் போய்ப் பார்த்தபோது, பூச்சி தின்ற இனம் பெருகி, இலைதழையையும் ஏராளமாகத் தின்றுகொண்டிருந்தது. குடலில் புதிதாக மடிப்பொன்று! உணவு அங்கே தங்க, நுண்ணுயிர்கள் அதை நொதிக்கவைக்கின்றன.

இடம்பெயர்ந்து இங்கு வந்த தாயொருவர், "பிள்ளைக்குச் சாப்பாடு ஒத்துவரேல்லை. உங்கட பரம்பரை வயிறே அப்படியெண்டு சொல்லுகினம்" என்று அழுதார். இந்தப் பல்லிக் கதையைத்தான் சொன்னேன். பரம்பரையை மட்டும் குற்றஞ்சாட்டுவது நியாயமில்லை. நீரும் உணவும் மாறினால் வயிறும் மாறும், பழக நாளெடுக்கும். வயிற்றோட்டமென்றால் மட்டும் காத்திராமல், ஜீவனி கரைத்துக் கொடுத்தபடியே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.