எல்லாம் என்னாலதானா?

இந்தியா சேஸிங். கடைசி ஓவர். டீ குடிக்கப் போன நம்ம ஆள் திரும்பி வந்து சேர்ல உட்கார்ந்த நிமிஷம், ஸ்டம்ப் காலி! ‘நான் பார்த்தாலே அவுட்டாயிடறாங்கப்பா’ன்னு தலையில அடிச்சுக்கிட்டு ரூமை விட்டு வெளியேறும் இந்த ஆசாமி எல்லா ஹாஸ்டல்லயும் உண்டு.

சிரிக்கிறீங்க. ஆனா ஃப்ரெண்ட் ரெண்டு நாளா சரியா பேசலைன்னா, ‘நான் என்ன தப்பா சொல்லித் தொலைச்சேன்’னு பழைய மெசேஜை எல்லாம் ராத்திரி முழுக்கப் புரட்டறீங்களே... அதுவும் கிட்டத்தட்ட இதே கேஸ்தான் பாஸ்!

இதுக்குப் பேர் தன்னடக்கம் இல்லை. காரணமே இல்லாம ஒரு கெட்டது நடக்கும்ங்கறதை மனசு ஏத்துக்காது. அதைவிட ‘என் தப்பு’ங்கறது தேவலை. வலிக்கும்தான். ஆனா என் தப்புன்னா, அடுத்த தடவை நான் தடுத்துடலாமே! ஸ்டியரிங் நம்ம கையிலதான் இருக்குன்னு ஒரு நிம்மதி.

இது சின்ன வயசுலயே ஆரம்பிச்சுடுது. அம்மா, அப்பா சண்டை போட்டா, ‘நான் சேட்டை பண்ணினதாலதான்’னு குழந்தை நினைக்கும். ஸ்காட்லாந்து மனநல மருத்துவர் ஃபேர்பெய்ர்ன் 1940-களிலேயே இதைக் கவனிச்சு எழுதினார். கொடுமைக்கு ஆளாகும் குழந்தைகள்கூட பெத்தவங்களைக் கெட்டவங்கன்னு சொல்ல மறுத்து, பழியைத் தங்கள் மேலேயே போட்டுக்கிட்டாங்களாம். பின்னே? பெரியவங்களே கெட்டவங்கன்னா, அந்தப் பிஞ்சுக்குப் போக்கிடம் ஏது?

1977-ல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு. விபத்தில் அடிபட்டு உடல் செயலிழந்துபோன 29 பேரிடம் ரோனி புல்மன், கமில் வோர்ட்மன் என்ற இரண்டு உளவியலாளர்கள் பேசினாங்க. அடுத்தவங்க மேல பழி போட்டவங்கதான் தேற முடியாம தவிச்சாங்க. ‘நான்தான் காரணம்’னு சொன்னவங்க ஓரளவு நல்லாவே சமாளிச்சிருந்தாங்க! அப்படின்னா தன்னைத் திட்டிக்கறது நல்லதா?

அவசரப்படாதீங்க. 1979-ல் அதே ரோனி இதை ரெண்டாப் பிரிச்சார். ‘நான் செஞ்சது தப்பு’ங்கறது ஒண்ணு. ‘நானே தப்பு’ங்கறது இன்னொண்ணு. மன அழுத்தத்தோடு ஒட்டிக்கிட்டு வர்றது ரெண்டாவதுதான். நம்ம தமிழ் இலக்கணத்தை வெச்சே கண்டுபிடிச்சிடலாம். ‘நான்’க்கு அப்புறம் வினைச்சொல் வந்தா பரவாயில்லை. ‘நான் யூனிட் டெஸ்ட்டுக்குப் படிக்கலை.’ சரி, படிச்சுக்கலாம். பெயர்ச்சொல் வந்தா உஷார். ‘நான் மக்கு.’ ‘நான் ராசியில்லாதவ.’ இதுக்கு என்ன அரியர் எழுதறது சொல்லுங்க?

நம்ம ஊர் இந்த ‘ராசி’யை வேற கையில எடுத்துக் குடுக்குது. ‘இவ வந்த நேரம்’னு பேசற அத்தைகள் நடுவுல வளர்ந்த பொண்ணுக்கு, கேம்பஸ் இன்டர்வியூ ஊத்திக்கிட்டா வேறென்ன தோணும்? அந்த வருஷம் கம்பெனி ஆள் எடுத்ததே கம்மின்னு யாராவது சொல்லணும்.

ஒரு இடத்துல மட்டும் இந்த வினைச்சொல் கணக்கும் உதவாது. ராகிங், பாலியல் தொல்லை. ‘நான் அந்தப் பக்கம் போயிருக்கக் கூடாது’, ‘நான் சிரிச்சுப் பேசியிருக்கக் கூடாது’... கேட்க செயலைப் பற்றிய வாக்கியம் மாதிரிதான் இருக்கு. ஆனா, பாலியல் வன்முறையில் இருந்து மீண்டவங்களிடம் பின்னாளில் நடந்த ஆய்வுகளில், இந்த வகைப் பழியும் மன அழுத்தத்தோடு சேர்ந்தே வந்தது. நீங்க எந்தப் பக்கம் போனா என்ன? செஞ்சது அவன். புகார்ல எழுதவேண்டியது அவன் பேரைத்தான். பாலியல் தொல்லைப் புகாரை வாங்கி விசாரிக்க ஒவ்வொரு கல்லூரியிலும் உள் புகார் குழு இருக்கணும்னு 2013-லேயே சட்டம் வந்தாச்சு.

தூக்கம் போய், சாப்பாடு இறங்காம, வாரக்கணக்கில் ‘நானே தப்பு’ ஓடிக்கிட்டே இருந்தா 14416-க்கு போன் போடுங்க. 2022-ல் மத்திய அரசு ஆரம்பிச்ச ‘டெலி மானஸ்’. காசு கிடையாது, தமிழ்லயே பேசலாம், நடு ராத்திரியிலும் எடுப்பாங்க.