கம்பிதத்துக்கு ஒரு நெளிகோடு

சுப்பராம தீட்சிதரின் ‘சங்கீத ஸம்ப்ரதாய ப்ரதர்சினி’ 1904-இல் எட்டயபுரத்தில் அச்சாகி வெளிவந்தது. தெலுங்கு எழுத்தில், ஏறக்குறைய 1,700 பக்கம். ஸ்வர எழுத்துகளின் தலைமேல் பொடிப்பொடியாகக் குறிகள். கம்பிதத்துக்கு நெளிகோடு, ஸ்புரிதத்துக்கு மூன்று புள்ளி, ஏற்ற ஜாருவுக்கும் இறக்க ஜாருவுக்கும் எதிரெதிராகச் சாய்ந்த கோடுகள், ஒடுக்கலுக்குப் பெருக்கல் குறி. வாயால் பாடியும் விரலால் காட்டியும் மட்டுமே சொல்லித்தந்த கமகங்களுக்கு, அதாவது ஸ்வரத்தின் அசைவுகளுக்கு, கண்ணால் பார்க்கத்தக்க ஓர் உருவம் அங்கே கிடைத்தது.

அதன் பின்னால் சின்னசாமி முதலியார் இருந்தார். மேற்கத்திய இசை அறிந்த சென்னைக்காரர், அரசு அலுவலர், கிறித்தவர். நம் கீர்த்தனைகளை ஐந்து கோட்டு முறையில் எழுதி 1893-இல் வெளியிட்டவர். தீட்சிதரை எழுதச் சொல்லியும் எட்டயபுரம் அரண்மனையிடம் பொருள் கேட்டும் பாடுபட்டவர் அவரே. அவர் நம்பியது ஐரோப்பியக் கோடுகளை. தீட்சிதரோ ஸரிகம எழுத்துகளை விடாமல், வேண்டிய குறிகளை மட்டும் அவற்றின்மேல் ஏற்றினார். நூறாண்டு கழித்துப் பார்க்கும்போது, பாடுகிறவருக்கு நெருக்கமானது தீட்சிதர் வழிதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஈய எழுத்துக் காலத்தில் புதுக்குறி ஒன்று வேண்டுமென்றால், உருக்கில் அதை வெட்டி, அச்சுவார்ப்பு எடுத்து, ஈயம் ஊற்றி, ஒரே மாதிரியான கட்டைகளாகப் பல வார்த்தாக வேண்டும். பிறகு அச்சுக்கோப்பவர் ஸ்வர வரிக்கு மேலே குறிகளுக்கென்று இன்னொரு வரி கோத்து, குறி இல்லாத இடங்களில் வெற்றுக்கட்டை செருகி, மேலும் கீழும் நேராக நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு கட்டை நகர்ந்தால் கம்பிதம் ரிஷபத்தை விட்டுக் காந்தாரத்தின் மேல் போய் உட்காரும். இத்தனை செலவும் உழைப்பும் இருந்ததால், தேவைதானா என்று பலமுறை கேட்ட பிறகே ஒரு குறி பிறந்தது.

இன்று எங்கள் கள்ளக்குறிச்சியில் மடிக்கணினி வைத்திருக்கும் எவரும் அந்த நெளிகோட்டை வரைந்துவிடலாம். இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் பேனாக் கருவியை எடுத்து நான்கு புள்ளி வைத்து வளைத்தால் அலை வந்துவிடும். அதை எஸ்.வி.ஜி. கோப்பாகச் சேமித்து, மியூஸ்ஸ்கோர் என்ற இசை எழுதும் மென்பொருளில் ஸ்வரத்தின் மேல் கொண்டுபோய் வைக்கலாம். இரண்டும் இலவச மென்பொருள்கள். ஊற்றிய தேநீர் ஆறுவதற்குள் வேலை முடிந்துவிடும்.

இந்த வசதிக்கும் வயதாகிறது. 1988-இல் வந்த ஃபினாலே என்ற இசை எழுதும் மென்பொருளில் வடிவங்களை வரைவதற்கென்றே தனிச் சாளரம் இருந்தது. 1993-இல் சிபெலியஸ், 2016-இல் டோரிக்கோ. நடுவே 2013-இல் ஸ்டெயின்பர்க் நிறுவனம் ‘ஸ்மஃபிள்’ என்ற பொது வரையறையை வெளியிட்டது. 2,000-க்கும் மேற்பட்ட இசைக்குறிகளுக்கு அதில் நிலையான எண் உண்டு. துருக்கி, அரபு, பாரசீக இசைகளின் நுண்சுருதிக் குறிகளுக்கும் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். நம் கமகங்களுக்கென்று ஒரு வரிசை இல்லை. ஆகவே நம்மவர் ஒவ்வொருவரும் தாமே வரைகிறார், இல்லாவிட்டால் இருப்பதில் ஒன்றை இரவல் வாங்குகிறார்.

இரவலில் வேடிக்கை உண்டு. மேற்கத்திய ‘ட்ரில்’ குறியோடு வரும் நெளிகோட்டைக் கம்பிதத்துக்குப் பயன்படுத்தினால், கார்வை நீள நீளக் கோடும் தானே நீண்டுகொடுக்கும். ஈயக் கட்டை செய்யாத உதவி அது. ஆனால் ஒலிக்கச் சொன்னால், கணினி அதை ட்ரில்லாகவே நினைத்துப் பக்கத்து ஸ்வரத்தோடு சேர்த்துப் படபடவென்று அடிக்கும். தோடி ராகத்துக் காந்தாரத்தை அப்படிக் கேட்பதைவிடக் கேட்காமலிருப்பது மேல். நாமே வரைந்த குறி என்றால் அந்தத் தொல்லையில்லை, அது ஒலிக்கவே ஒலிக்காது.

2024 ஆகஸ்டில் ஃபினாலேயை இனி வளர்க்கப்போவதில்லை என்று அதன் நிறுவனம் அறிவித்தது. 36 ஆண்டுகளாக அதில் எழுதியவர்கள் கோப்புகளை வேறு மென்பொருளுக்கு மாற்றத் தொடங்கினார்கள். ஸ்வரங்கள் பத்திரமாகப் போய்ச் சேரும். சொந்தமாக வரைந்த வடிவங்கள் பெரும்பாலும் வழியிலேயே உதிர்ந்துவிடும். எட்டயபுரத்துக் குறிகளுக்கு அந்தக் கதி நேரவில்லை. சென்னை மியூசிக் அகாடமி 1961 முதல் தமிழில் அந்நூலைக் கொண்டுவந்தபோது எழுத்து மாறியது, குறிகள் நின்றன. எந்தக் குறிக்கு என்ன செய்ய வேண்டும் என்பதைத் தீட்சிதர் நூலின் முன்பகுதியிலேயே வீணையின் மெட்டையும் தந்தியையும் வைத்து விளக்கியிருந்தார். ஒடுக்கல் என்றால் ஒரு மெட்டில் தந்தியை இழுத்து மேல் ஸ்வரத்தை வரவழைப்பது. வீணை இருக்கும்வரை அந்த விளக்கமும் செல்லும்.

எங்கள் பக்கத்துத் தாளத்துக்கு இப்படி ஒரு தீட்சிதர் வாய்க்கவில்லை. கள்ளக்குறிச்சிச் சமவெளியின் பறையடியானாலும் கல்வராயன் மலை ஊர்த் திருவிழாக்களின் மேளமானாலும், கேட்டுக் கேட்டுக் கைக்கு வந்தவை. பறையில் ஒரு கையில் மெல்லிய சிண்டுக்குச்சி, மறு கையில் தடித்த அடிக்குச்சி. எந்தக் குச்சி, நடுத்தோலிலா ஓரத்திலா, தோலைத் தொட்டு நிறுத்திய அடியா, துள்ளவிட்ட அடியா என்று எழுதப் புகுந்தால் ஐந்து கோட்டு முறையின் பெருக்கல் வடிவக் குறித்தலையும் முக்கோணக் குறித்தலையும் போதாமல் போகின்றன. மிச்சத்தை வரையத்தான் வேண்டும். வரைவதும் இன்று எளிது.

எளிது என்பதால் ஆளுக்கொரு விதமாக வரைவார்கள். ஒருவர் கோப்பில் முக்கோணம் சிண்டுக்குச்சியைக் குறிக்கும், அடுத்தவர் கோப்பில் அதுவே ஓரத்து அடியாகும். முதல் பக்கத்தில் நாலு வரி விளக்கம் எழுத எந்த மென்பொருளும் கட்டாயப்படுத்துவதில்லை. கோப்பைத் திறக்கும் மூன்றாமவர், எழுதியவரைத் தேடிப் பிடித்து அடித்துக் காட்டச் சொல்ல வேண்டியதுதான்.