பாகா, தானியமா?

தலைப்பைப் பார்த்துவிட்டு தீபாவளிப் பட்சணக் குறிப்பு என்று நினைத்த சகோதரிகள் மன்னிக்க வேண்டும். இது பீர் சமாச்சாரம். அடியேன் காப்பியைத் தாண்டி எதையும் தொடாதவன் என்பது முனிர்காவில் என்னை அறிந்தவர்களுக்குத் தெரியும். ஆனாலும் ரயில்வேயில் முப்பத்தைந்து வருஷம் ஓட்டியவனுக்கு, ஒரு பாத்திரம் கொதித்தால் எட்டிப் பார்க்காமல் இருக்க முடிவதில்லை.

சென்ற ஆண்டு கோடையில் நியூ ஜெர்சியில் உள்ள மகன் வீட்டுக்கு நானும் மனைவியும் போயிருந்தோம். கார் நிறுத்தும் அறையில் ஒரு பெரிய எவர்சில்வர் பானை, ரப்பர் குழாய்கள், வரிசையாகக் காலி பாட்டில்கள். "வீட்லயே பீர் போடறேன்ப்பா" என்றான், கொஞ்சம் தயங்கி. எனக்குப் பகீரென்றது. வீட்டில் காய்ச்சுவது என்றாலே நமக்குக் கள்ளச்சாராயம்தானே நினைவுக்கு வரும்? 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. இரண்டு நாள் அவனோடு சரியாகப் பேசவில்லை.

மூன்றாம் நாள் அவனே விளக்கினான். இதில் காய்ச்சி வடித்தல் கிடையாது, புளிக்க வைப்பதோடு சரி. 1978-இல் அதிபர் கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டத்தின்படி, இரண்டு பெரியவர்கள் உள்ள வீட்டில் வருஷத்துக்கு 200 காலன் வரை வரியில்லாமல் போட்டுக்கொள்ளலாம், விற்கத்தான் கூடாது. (தில்லியில் உரிமம் இல்லாமல் செய்தால் குற்றம். இதைப் படித்துவிட்டு யாரும் பால்கனியில் அடுப்பு மூட்ட வேண்டாம்.)

பீருக்கு மூலம் மால்ட். குழந்தைக்குக் கஞ்சி மாவு அரைக்கக் கேழ்வரகை முளைகட்டி உலர்த்துகிறோமே, அதே வேலையைப் பார்லியில் செய்தால் மால்ட். முளைவிடும்போது தானியத்துக்குள் நொதிகள் உண்டாகின்றன. மாவுச்சத்தைச் சர்க்கரையாக்குவது அவைதான். கால்கா–சிம்லா பாதையில் சோலனுக்கு அடுத்து 'சோலன் ப்ரூவரி' என்றே ஒரு நிலையம் உண்டு. பணியில் இருந்தபோது அந்தச் சின்ன வண்டியில் எத்தனையோ தடவை அதைக் கடந்திருக்கிறேன். உள்ளே என்ன நடக்கிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை!

தானிய முறையில், 19 லிட்டருக்குச் சுமார் 5 கிலோ மால்ட்டை நொய்யாக உடைத்து, 65 முதல் 68 டிகிரி சூட்டு நீரில் ஒரு மணி நேரம் ஊற வைக்க வேண்டும். பிறகு இனிப்பு நீரை வடித்து, மேலும் சுடுநீர் விட்டு அலசி எடுக்க வேண்டும். பாகு முறையில் இந்த வேலையெல்லாம் ஆலையிலேயே முடிந்துவிடுகிறது. இனிப்பு நீரைச் சுண்டவைத்துத் தேன் பதத்தில் டப்பாவிலோ, பொடியாகவோ விற்கிறார்கள். மூன்று கிலோ பாகை வாங்கிக் கரைத்தால் போதும். அதற்குமேல் இரண்டும் ஒரே தண்டவாளம்தான். கசப்புக்கு ஹாப்ஸ் பூ போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டு, வேகமாக 20 டிகிரிக்கு ஆறவைத்து, ஈஸ்ட் சேர்த்து மூடிவிட வேண்டியது. பாகு முறையில் மூன்று மணி நேரத்தில் கை கழுவலாம். தானிய முறைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுசாகப் போய்விடும். ஆனால் பொருள் செலவு குறைவு.

மகன் பாகில் நாலு தடவை போட்டு நன்றாக வந்ததாம். தானியத்துக்கு மாறியதும் இரண்டு தடவை தோல்வி. "பாயசம் மாதிரி இனிக்குதுப்பா, விட்டுடலாம்னு பாக்கறேன்" என்றான். அந்தக் குரல் எனக்குத் தெரியும். பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சை முடிந்து வந்த குரல்.

அவன் நோட்டுப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். பழைய நண்பர் ஒருவர் அதில் இருந்தார்: ஹைட்ரோமீட்டர். ரயில் பெட்டி விளக்கு பேட்டரிகளின் அமிலத்தை இதை வைத்துத்தான் வருஷக்கணக்கில் சோதித்திருக்கிறேன். பீரில் தொடக்கத்தில் 1.050 காட்டினால், சர்க்கரை கரைந்து முடிவில் 1.010 வாக்கில் நிற்க வேண்டும். அவனுடையது 1.024-இலேயே நின்றிருந்தது. ஈஸ்ட்டின் மேல் பழி போட்டுப் புது ஈஸ்ட் வாங்கியிருந்தான். எனக்குச் சந்தேகம் தெர்மாமீட்டர் மேல். ஐஸ் தண்ணீரில் வைத்தேன், மைனஸ் 5. கொதிநீரில் வைத்தேன், 95. அப்படியானால் 68 என்று அவன் நம்பியது உண்மையில் 73! அந்தச் சூட்டில் ஒருவகை நொதி சீக்கிரமே செயலிழந்துவிடுகிறது. மற்றது உண்டாக்கும் சர்க்கரையில் ஒரு பங்கை ஈஸ்ட்டால் தின்ன முடியாது. இனிப்பு தங்கிவிடுகிறது.

பாகு முறையில் இந்தக் கோளாறு வராது. ஊறலின் சூட்டை ஆலைக்காரன் நமக்காகத் தீர்மானித்துவிடுகிறான். வசதியும் அதுதான், குறையும் அதுதான். 65-இல் ஊறினால் மெலிதான பீர், 68-இல் கனமானது. அதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை தானியக்காரனுக்குத்தான். என்னைக் கேட்டால், முதல் நாலைந்து தடவை பாகிலேயே போட்டு, பாத்திரச் சுத்தமும் பொறுமையும் படிந்த பிறகு தானியத்தைத் தொடலாம். அவசரப்பட்டுப் புளித்து முடியுமுன் பாட்டிலில் அடைத்தால் பாட்டில் வெடிக்கும். அதற்கு இரண்டு முறையிலும் விலக்கு இல்லை.

புது தெர்மாமீட்டர் வாங்கினோம். அடுத்த ஞாயிறு காலை ஏழு மணிக்கே அப்பனும் பிள்ளையும் பானையடியில் உட்கார்ந்தோம். நான் ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை சூட்டை வாசிக்க, அவன் எழுதிக்கொண்டான். இடையில் அவன் வேலை, எங்கள் உடம்பு, ஊர் வீடு என்று பேச்சு எங்கெங்கோ போனது. இரண்டு வாரம் கழித்து ஹைட்ரோமீட்டர் 1.011 காட்டியது. நான் முகர்ந்து பார்த்ததோடு சரி. ரொட்டிக் கடை வாசனை.

ஜனவரியில் முனிர்கா திரும்பினோம். குளிரில் இட்லி மாவு பொங்கவில்லை. மனைவி கடைப் பாக்கெட் மாவுக்குப் போகலாம் என்றாள். நான் கிரைண்டரில் அரைத்த மாவை அவனுக்குள் வைத்து, உள்ளே விளக்கைப் போட்டு, பக்கத்தில் தெர்மாமீட்டரையும் நிறுத்தினேன். 29 டிகிரி. காலையில் மாவு பாத்திரத்தைத் தாண்டி வழிந்திருந்தது. "அந்த அவனை யாரு தொடைக்கறது?" என்றாள்.