இரண்டே சீட்டு, எத்தனை சங்கதி!

உலகத்திலேயே அதிகம் விற்ற இரண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் கார் எது தெரியுமா? ஃபெராரியா? போர்ஷேயா? ரெண்டும் இல்லை! ஜப்பானில் ஹிரோஷிமாவில் தயாராகும் மாஸ்டா எம்எக்ஸ்-5. அமெரிக்காக்காரர்களுக்கு மியாட்டா. 2000-ம் ஆண்டிலேயே 5,31,890 வண்டி என்ற கணக்கோடு கின்னஸ் புத்தகத்தில் ஏறிவிட்டது. 2016 ஏப்ரலில் பத்து லட்சமாவது வண்டி வெளியே வந்தது!

இதைவிட வேடிக்கை, இந்தக் காரின் முதல் படத்தைப் போட்டவர் இன்ஜினீயரே அல்ல. பாப் ஹால் என்கிற அமெரிக்கப் பத்திரிகைக்காரர். 1979-ல் மாஸ்டாவின் ஆராய்ச்சிப் பிரிவுத் தலைவர் கெனிச்சி யாமமோட்டோவோடு பேசிக்கொண்டிருந்தார். "நாங்கள் அடுத்து என்ன கார் செய்யலாம்?" என்று யாமமோட்டோ கேட்க, மனிதர் எழுந்து போய் கரும்பலகையிலேயே வரைந்து காட்டிவிட்டார். முன்னால் இன்ஜின், ரியர் வீல் டிரைவ், மடக்கிவிடலாம் போல ஒரு துணிக்கூரை, எடை குறைவு, விலையும் குறைவு. அறுபதுகளில் இங்கிலாந்து விற்ற லோட்டஸ் எலான், டிரையம்ஃப், எம்ஜி வகையறாதான். ஆனால் ஆயில் ஒழுகாது, மழை நாளில் மக்கர் பண்ணாது! 1981-ல் ஹாலையே வேலைக்குச் சேர்த்துக்கொண்டது மாஸ்டா. 1984-ல் யாமமோட்டோ கம்பெனிக்கே தலைவராகிவிட்டார். பிறகென்ன!

கம்பெனிக்குள்ளேயே போட்டி நடந்தது தெரியுமா? டோக்கியோ டிசைனர்கள் முன்சக்கரம் இழுக்கிற கார் ஒன்றையும், இன்ஜினை நடுவில் வைத்த கார் ஒன்றையும் முன்வைத்தார்கள். கலிஃபோர்னியா கோஷ்டி பாப் ஹாலின் பழைய சூத்திரத்தை விடவில்லை. ஜெயித்தது கலிஃபோர்னியா. ஓடிப் பார்க்கும் முதல் மாதிரி வண்டியைச் செய்து கொடுத்தது யார் என்கிறீர்கள்? இங்கிலாந்தில் வொர்திங் என்ற கடலோர ஊரில் இருந்த ஒரு டிசைன் நிறுவனம்! அந்த வண்டியை 1985-ல் கலிஃபோர்னியாவின் சான்டா பார்பரா தெருக்களில் ஓட்டிப் பார்த்தார்கள். பார்த்தவர்கள் பின்னாலேயே வந்து "இது எங்கே கிடைக்கும்?" என்று கேட்டதாகச் சொல்வார்கள். 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் திரை விலகியது. விலை 13,800 டாலர். டீலர்கள் சும்மா இருப்பார்களா? அதற்கு மேல் ஆயிரக்கணக்கான டாலர் கூடுதல் கேட்டார்கள். அப்படியும் க்யூ குறையவில்லை!

அதன் பிறகு நடந்ததுதான் உச்சம். இந்த மாதிரிக் கார் செத்துவிட்டது என்று கையை உதறியிருந்த ஐரோப்பா விழுந்தடித்து ஓடி வந்தது. 1995, 1996 என்ற இரண்டே ஆண்டுகளுக்குள் ஃபியட் பார்கெட்டா, எம்ஜிஎஃப், பிஎம்டபிள்யூ இசட்3, மெர்சிடிஸ் எஸ்எல்கே, போர்ஷே பாக்ஸ்டர், லோட்டஸ் எலிஸ்! ஒரு ஜப்பான் வண்டி கிளப்பிய காய்ச்சல் இத்தனை பேருக்கு. இன்று செகண்ட் ஹேண்டில் இந்த ரகம் தேடுகிறவர்களுக்கு எதை எடுப்பது என்ற திண்டாட்டம் இருக்கிறதென்றால், அதற்கு அந்த இரண்டு ஆண்டுகள்தான் காரணம்.

இசட்3 ஜேம்ஸ் பாண்டின் கோல்டன்ஐ படத்தில் வந்ததே, நினைவிருக்கிறதா? வந்தது என்னவோ சில நிமிடம்தான், சண்டைகூடக் கிடையாது! அந்த ஜெர்மன் கார் தயாரானது ஜெர்மனியில் அல்ல, அமெரிக்காவின் தெற்குக் கரோலினாவில். பாக்ஸ்டர்களில் கணிசமானவை ஃபின்லாந்தின் உசிகாவ்புங்கி என்ற ஊரில் பூட்டப்பட்டவை! சேசிஸ் எண்ணில் பதினோராவது இடத்தைப் பாருங்கள். 'யு' என்றால் ஃபின்லாந்து, 'எஸ்' என்றால் ஸ்டுட்கார்ட். ஊரைப் பார்த்து யாரும் விலையைக் குறைக்கவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம். ஆனால் விற்பவர் எதிரில் இதைச் சொல்லிப் பாருங்கள், பேரம் பேசுகிற தொனியே மாறும்.

லோட்டஸ் எலிஸ் பசையால் ஒட்டிய கார் தெரியுமா? நிஜமாகவே! அலுமினியப் பட்டைகளை வெல்டிங் வைக்காமல் எபாக்சி பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள். அந்தச் சட்டத்தின் எடை 68 கிலோ, ஒரு ஆள் எடைதான்! கம்பெனி முதலாளி ரோமானோ ஆர்டியோலி தன் பேத்தி எலிசாவின் பெயரை வைத்தார். 1995-ல் ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் அந்தக் குழந்தையையே காரில் உட்காரவைத்துக் காட்டினார்கள். கதை அதோடு முடியவில்லை. எலிஸின் வம்சத்தில் வந்ததுதான் டெஸ்லாவின் முதல் கார், 2008-ன் ரோட்ஸ்டர். எலான் மஸ்க் தான் ஓட்டிய ரோட்ஸ்டரை 2018 பிப்ரவரியில் ராக்கெட்டில் ஏற்றி விண்வெளிக்கு அனுப்பினார் அல்லவா? அது இன்னும் சூரியனைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. 2025 ஜனவரியில் அதைக் குறுங்கோள் என்று நினைத்துப் பட்டியலில் பதிவே செய்துவிட்டார்கள். கார் என்று தெரிந்ததும் மறுநாளே அடித்துவிட்டார்கள்! கிலோமீட்டர் கணக்கில் அந்த செகண்ட் ஹேண்ட் வண்டியை அடிக்க இனி ஒருவரும் கிடையாது.

கூபே பக்கம் வருவோம். முதல் தலைமுறை டொயோட்டா 86 காரின் இன்ஜின் சிலிண்டர் விட்டம் எவ்வளவு? 86 மில்லிமீட்டர். பிஸ்டன் ஓடும் தூரம்? அதுவும் 86! சைலன்சர் குழாய் வாயின் விட்டம்கூட 86! எண்பதுகளில் புகழ்பெற்ற ஏஇ86 கொரோலாவுக்குச் செலுத்திய மரியாதை அது. இத்தனைக்கும் வண்டியைத் தயாரிப்பது டொயோட்டா அல்ல, ஜப்பானின் குன்மாவில் உள்ள சுபாரு தொழிற்சாலை. முதல் தலைமுறை 86-ல் பல வண்டிகளுக்குப் போட்ட டயர் பெட்ரோல் மிச்சம் பிடிக்கும் பிரியஸ் காருக்குப் போடும் அதே ரக டயர்! கஞ்சத்தனம் இல்லை. பிடிப்பு குறைந்த டயரில் கொஞ்ச வேகத்திலேயே பின்பக்கம் லேசாக வழுக்கும். ஓட்டுகிறவருக்கு அதுதான் குஷி. என்னைக் கேட்டால் சமீப காலத்துக் கார்களில் இவ்வளவு குறும்பான யோசனை வேறு இல்லை. 2013 மாடல் பழைய வண்டி வாங்குகிறவர்கள் ஒன்றைக் கேட்டே ஆக வேண்டும். வால்வு ஸ்பிரிங் மாற்றுவதற்காக அந்த மாடலைத் திரும்ப அழைத்தார்கள். இன்ஜினைக் கீழே இறக்கிச் செய்கிற வேலை. செய்தாகிவிட்டதா, எங்கே செய்தார்கள், காகிதம் இருக்கிறதா?

ஹோண்டா எஸ்2000-ன் முதல் மாடலில் சிவப்புக் கோடு எங்கே தொடங்கும் தெரியுமா? நிமிடத்துக்கு 9,000 சுற்றில்! டர்போ கிடையாது, வெறும் இரண்டு லிட்டர், 240 குதிரைசக்தி. சந்தைக்குள் சாதுவாக ஊர்ந்து போகும் வண்டி, முள் 6,000-ஐத் தாண்டினால் வேறு மிருகம். அப்படிச் சுற்ற விடாதவர்களுக்கு இந்தக் காரே வேண்டாம். சுற்ற விட்டவர்களிடம் வாங்கும்போது ஆயில் அளவை நீங்களே குச்சி எடுத்துப் பாருங்கள்.

ஜப்பானின் குட்டிக் கார்கள் தனிக் கூத்து. 1991-ல் வந்த ஹோண்டா பீட், வெறும் 656 சிசி! இரண்டு பேருக்குப் பின்னால் இன்ஜின், எடை 760 கிலோ. நிறுவனர் சோய்ச்சிரோ ஹோண்டா கண்ணை மூடுவதற்குச் சில மாதங்களுக்கு முன் வந்த வண்டி. அதே ஆண்டு சுசுகி காப்புச்சினோ. இந்த வரிசைக்கு 64 குதிரைசக்திக்கு மேல் போவதில்லை என்று கம்பெனிகளுக்குள் ஒப்பந்தம். 25 வயது ஆன வண்டியை இறக்குமதி செய்யலாம் என்ற விதி அமெரிக்காவில் இருப்பதால், இப்போது அங்கே இவற்றுக்கு ஏக கிராக்கி.

சரி, பழைய மியாட்டா ஒன்றைப் பார்க்கப் போகிறீர்கள். கண் முதலில் எங்கே போகும்? பானெட்டிலிருந்து மேலே எழும்பும் அந்த ஹெட்லைட்டுக்குத்தான்! 1997 வரை வந்த முதல் தலைமுறைக்கு மட்டுமே அந்த அதிர்ஷ்டம். லைட்டை ரசித்தது போதும், குனிந்து கதவுக்குக் கீழே, பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால் விரலால் தட்டிப் பாருங்கள். இந்தக் கார்களின் எமன் இன்ஜினில் இல்லை, அங்கேதான் இருக்கிறான்! துணிக்கூரையில் விழும் மழைத் தண்ணீர் வடிய இரண்டு பக்கமும் குழாய் உண்டு. இலையும் அழுக்கும் அதை அடைத்தால் தண்ணீர் உள்ளேயே தேங்கி, கதவடிப் பெட்டியை உள்ளிருந்து அரிக்கும். வெளியே பெயின்ட் பளபளக்கும். துருவுக்கு மேல் பட்டி பார்த்திருந்தால் தட்டும்போது மொத்தையாகச் சத்தம் வரும். கம்பளத்தைத் தூக்கிக் கையை வைத்துப் பாருங்கள். ஈரமா? கிளம்பிவிடுங்கள், அல்லது விலையைப் பாதியாக்கிப் பேசுங்கள். ஜப்பானிலும் இங்கிலாந்திலும் சாலையின் இடதுபக்கம்தான் ஓட்டம் என்பதால், யூனோஸ் ரோட்ஸ்டர் என்ற ஜப்பான் பெயரோடு ஏராளமான பழைய வண்டிகள் கப்பலேறி இங்கிலாந்து போயின. பனிக்காலத்தில் அங்கே சாலையில் உப்பு கொட்டுவார்கள், துருவுக்கு விருந்து!

பேட்டரி எங்கே இருக்கிறது தெரியுமா? டிக்கியில்! எடை முன்னும் பின்னும் சமமாக இருக்கட்டும் என்று வைத்தார்கள். கம்பெனி போட்டது முழுக்க மூடிய ரகம். யாராவது காசு மிச்சம் பிடிக்கச் சாதா பேட்டரி போட்டிருந்தால் அமில ஆவி டிக்கித் தரையைத் தின்றிருக்கும். பேட்டரியைத் தூக்கச் சொல்லி அடியில் பாருங்கள்.

இன்னொரு ரகசியம்! 1991 நடுப்பகுதி வரை வந்த 1.6 லிட்டர் இன்ஜினில் கிராங்க்ஷாஃப்டின் மூக்கு குட்டை. முன்னால் உள்ள பெரிய புல்லி அதில் சரியாக உட்காராமல் ஆடி ஆடி, கடைசியில் கிராங்க்கையே கெடுத்துவிடும். எப்படிக் கண்டுபிடிப்பது? அந்தப் புல்லியில் உள்ள பள்ளங்களை எண்ணுங்கள். நாலு என்றால் குட்டை, எட்டு என்றால் நீளம்! குட்டை மூக்கு வண்டிகள் எல்லாமே கெட்டுவிடவில்லை. டைமிங் பெல்ட் மாற்றும்போது அந்த போல்ட்டை ஒழுங்காக முறுக்கினாரா மெக்கானிக் என்பதுதான் தலைவிதி. பெல்ட்டை அறுபதாயிரம் மைலுக்கு, அதாவது சுமார் 96,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். மூன்றாம் தலைமுறையில் செயின் வந்துவிட்டது, இந்தத் தொல்லையும் போயிற்று.

மற்ற கார்களுக்கும் ஒவ்வொரு வியாதி. பாக்ஸ்டரில் 2008 வரை வந்த இன்ஜின்களில் உள்ளே ஒரு தண்டைத் தாங்கும் பேரிங் உண்டு. அது போனால் இன்ஜினே போய்விடும். 2009 மாடலிலிருந்து அந்தத் தண்டையே எடுத்துவிட்டார்கள். மாற்றிய பில் இல்லாத பழைய பாக்ஸ்டர் மலிவாகக் கிடைத்தால் காரணம் அதுவாக இருக்கலாம். 1998-ல் வந்த ஆடி டிடியின் முதுகு வழவழவென்று இருந்தது. அதிவேகத்தில் விபத்துகள் நடந்தபின் வண்டிகளைத் திரும்ப அழைத்து டிக்கி மேல் சின்ன இறக்கை வைத்தார்கள். இறக்கை வைக்காத ஒரிஜினலைத்தான் இன்று சேகரிப்பவர்கள் தேடுகிறார்கள். ரசனைக்கு முன் உயிர் என்பவர்கள் இறக்கை உள்ளதை எடுங்கள்.

புதிதாகவே வாங்கலாம் என்பவர்களுக்குக் கடைகள் குறைந்துகொண்டே வருகின்றன. 2023-ல் டிடிக்கு மூடுவிழா. பாக்ஸ்டருக்கு ஐரோப்பாவில் என்ன ஆயிற்று தெரியுமா? புகைச் சட்டமா? இல்லை! காரின் கம்ப்யூட்டருக்குள் ஹேக்கர் நுழையக் கூடாது என்ற 2024-ன் சட்டம்! பழைய மின்னணு அமைப்பைத் திருத்துவதைவிட விற்பனையை நிறுத்துவது மேல் என்று போர்ஷே முடிவெடுத்தது.

எம்எக்ஸ்-5 மட்டும் விடாப்பிடி. எல்லாக் காரும் தலைமுறைக்குத் தலைமுறை ஊதிப் பெருக்கும்போது, 2015-ல் வந்த நாலாம் தலைமுறை 1989-ன் முதல் வண்டியைவிட நீளம் குறைவு! நம்பவே முடியவில்லை இல்லையா? 3,915 மில்லிமீட்டர். ஜப்பானில் விற்ற 1.5 லிட்டர் வண்டியில் ஒன்று 990 கிலோ. ஏர்பேக், இத்தனை பாதுகாப்புச் சாமான் எல்லாம் சேர்த்து ஒரு டன்னுக்குக் கீழே! மாஸ்டா கிராம் கணக்குப் பார்க்கிற கம்பெனி. மூன்றாம் தலைமுறையில் உள்கண்ணாடியின் பிடியை மாற்றி 84 கிராம் குறைத்ததைப் பெருமையாகச் சொன்னார்கள்.

அதோடு விடவில்லை. ஜப்பானில் முதல் தலைமுறை வண்டிகளைக் கம்பெனியே புதுப்பித்துத் தரும் திட்டத்தை 2017-ல் அறிவித்தது. அதற்காக அந்தக் காலத்து பிரிட்ஜ்ஸ்டோன் டயரை அதே பூவேலையோடு மறுபடி செய்ய வைத்தார்கள். துணிக்கூரை, நார்டி மர ஸ்டீயரிங், கியர் குமிழ்கூட மறுபடி தயார். முப்பது வயது வண்டிக்கு எந்தக் கம்பெனி இதைச் செய்யும்!

ஆறடியைத் தாண்டியவர்களுக்கு மட்டும் ஒரு தகவல். நாலாம் தலைமுறையில் 2019 மாடல் வரும் வரை ஸ்டீயரிங் மேலும் கீழும்தான் அசையும். முன்னும் பின்னும் இழுக்க முடியாது. 2016, 2017 வண்டி மலிவாகக் கிடைக்கிறது என்று அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால், கூரையை மூடச் சொல்லிவிட்டு உள்ளே கால் மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். முழங்கால் ஸ்டீயரிங்கில் இடித்தால் 2019-க்கு மேல் உள்ளதாகத் தேடுங்கள். அதே வருஷம்தான் இரண்டு லிட்டர் இன்ஜினும் 181 குதிரைசக்திக்கு ஏறியது!