நம் தோட்டத்திற்கு ஒரு நூல்

நம் வீட்டு அலமாரியில் எங்காவது ஒரு கும்பாபிஷேக மலர் இருக்கும். அதைப் புரட்டிப் பார்ப்போம். முதலில் வாழ்த்துச் செய்திகள், அடுத்துத் திருப்பணிக்கு நன்கொடை கொடுத்தோர் பட்டியல், பிறகு கடைகளின் விளம்பரங்கள். நடுவே அரைப்பக்கத்தில் 'ஆலய வரலாறு' என்றிருக்கும். நம் தோட்டங்கள் பலவற்றுக்கு அச்சில் உள்ள வரலாறு அந்த அரைப்பக்கம் மட்டுமே. அதைச் சிறு நூலாக வளர்க்க வேண்டியது ஏன், வளர்ப்பது எப்படி என்பதை இன்று ஆராய்வோம்.

ஊர்க்கதையை ஊர்க்காரரே எழுதுவது மலாக்காவுக்குப் புதிதன்று. முன்ஷி அப்துல்லா மலாக்காவில் பிறந்தவர். தமிழ் வழியும் கலந்த குடும்பத்தினர். இங்கே பாதிரிமார் நடத்திய அச்சகத்தில் அச்சுத்தொழில் கற்றார். அவருடைய 'ஹிக்காயாட் அப்துல்லா' 1849இல் சிங்கப்பூரில் அச்சாயிற்று. 1807இல் ஆங்கிலேயர் மலாக்காக் கோட்டையை வெடி வைத்துத் தகர்த்த கதை அதில் உள்ளது. அந்நாளில் மலாக்காவின் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் கணக்கு வழக்குக்காகத் தமிழ் படித்த செய்தியும் உள்ளது. அவர் எழுதி வைத்திராவிட்டால் இச்செய்தி நமக்கு எட்டியிருக்குமா?

1896இல் டான் சாய் யான் என்பவர் மலாக்கா புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டார். பிறகு புக்கிட் அசகானில் பெரிய அளவில் நட்டார். நாட்டின் ரப்பர்த் தோட்டத் தொழிலுக்கு அதுவே தொடக்கம். நட்டவர் பெயர் நூல்களில் இருக்கிறது. அதன்பின் இம்மாநிலத்தில் விடியுமுன் எழுந்து பால் வெட்டிய நம் தாத்தா பாட்டிமார் பெயர் எந்த நூலில் இருக்கிறது?

அறிஞர்கள் எழுதாமல் இல்லை. கெர்னியல் சிங் சந்து 1969இலும், ரவீந்திர ஜெயின் 1970இலும் நம் மக்களைப் பற்றி ஆங்கிலத்தில் நல்ல நூல்கள் வெளியிட்டனர். ஜெயின் ஒரு தோட்டத்தை நேரில் ஆராய்ந்து எழுதினார். ஆனால் நூலில் அதற்கு வேறு பெயர் சூட்டினார். ஆராய்ச்சிக்கு அது முறைதான். நமக்கோ சொந்தப் பெயர் வேண்டும்.

இதில் அவசரமும் உண்டு. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. மக்கள் பட்டணத்துக்குக் குடிபெயர்ந்துவிட்டனர். தோட்டம் கைமாறும்போது, "இந்தக் கோயில் எத்தனை ஆண்டுப் பழமை?" என்ற கேள்வி எழுகிறது. மலாக்கா பொய்யாத விநாயகர் ஆலயம் டச்சுக்காரர் 1781இல் அளித்த நிலத்தில் எழுந்தது என்று நம்மால் சொல்ல முடிகிறது. எழுத்தில் இருப்பதால்தான் முடிகிறது. வேப்பமரத்தடி முனியாண்டிக்கு அப்படி ஒரு தாள் உண்டா? அச்சிட்ட நூல் நிலப்பட்டா ஆகிவிடாது. ஆயினும் வெறும் வாய்ச்சொல்லைவிட அது வலுவான சான்று.

சரி, எப்படித் தொடங்குவது? ஒரு கணக்குப் புத்தகமும் பேனாவும் போதும். வீட்டுப் பெரியவர்களிடம் பேச்சுக் கொடுப்போம். ஆண்டு நினைவில்லை என்பார்கள். "ஜப்பான்காரன் காலத்துக்கு முன்னாலா, பின்னாலா?" என்று கேட்டால் 1941க்கு முன்னா பின்னா என்பது தெரிந்துவிடும். அவசரகாலம் 1948இல் தொடங்கியது, சுதந்திரம் 1957இல் வந்தது. இவையெல்லாம் நினைவுக்கு நட்ட எல்லைக் கற்கள். சயாம் ரயில் பாதைக்கு யார் யார் போனார்கள், யார் திரும்பி வந்தார்கள் என்று கேட்டுப் பெயர் பெயராக எழுதுவோம். இருவர் இரு விதமாகச் சொன்னால் இரண்டையும் எழுதி, சொன்னவர் பெயரையும் குறிப்போம்.

தோட்டத்துக்குத் துரைமார் வைத்த பெயர் ஒன்று, நம்மவர் அழைத்த பெயர் வேறொன்றாக இருக்கலாம், இரண்டும் வேண்டும். ஓடை, ஆயாக் கொட்டகை, பள்ளிக்கூடம் இருந்த இடங்களைப் படமாக வரைவோம். பால்மரம் இலையுதிர்த்த மாதம், வந்த பறவைகள், பாட்டி பறித்த மருந்துப் பச்சிலை ஆகியவையும் வரலாறே. பழைய புகைப்படத்தின் பின்னால் பெயர்களைப் பென்சிலால் மெல்ல எழுதி வைப்போம்.

அச்சுக்குப் போகுமுன் ஒரு கணக்கு: ஒரு தாளை நடுவில் மடித்தால் நான்கு பக்கம். ஆகவே பக்க எண்ணிக்கை 16, 24, 32 என நான்கின் மடங்காக அமைந்தால் தாள் வீணாகாது. இன்று 50, 100 படிகள்கூட அச்சிட முடிகிறது. அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் மலாயிலோ ஆங்கிலத்திலோ முதல் அல்லது கடைசித் தாளில் இருக்க வேண்டும் என்பது 1984ஆம் ஆண்டுச் சட்டம். 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி தேசிய நூலகத்தில் 5 படிகள் ஒப்படைக்க வேண்டும். அதைச் சுமையாக எண்ண வேண்டாம். தோட்டமே இல்லாமற் போனாலும் அதன் பெயர் அங்கே இருக்கும். தமிழ்ப்பள்ளி நூலகத்துக்கும் ஒரு படி கொடுப்போம்.

இன்றிரவு சாப்பாட்டுக்குப் பின் வானொலியை நிறுத்திவிட்டு, "தாத்தா, நீங்கள் முதன்முதலில் எந்தத் தோட்டத்தில் பேர் பதிந்தீர்கள்?" என்று கேளுங்கள். சொல்லும் விடையை எழுதிக்கொள்ளுங்கள். நூலின் முதல் பக்கம் அதுதான்.